லினக்ஸ் கெர்னல் 6.12: புதிதாக என்ன? கேள்வி பதில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின், 2024 நவம்பர் 17 அன்று வெளியான 6.12 பதிப்பு பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

கேள்வி: ரியல்டைம் வசதி வந்துவிட்டதாமே! என் மடிக்கணினி வேகமாகுமா, ஐயா?

ஆகாது. சற்று மந்தமாகவும் வாய்ப்புண்டு. வேகம் வேறு, நேரம் தவறாமை வேறு; ரியல்டைம் தருவது இரண்டாவதை. ஒரு ரோபோ கையை இயக்கும் நிரல் மில்லி விநாடிக்கு ஒருமுறை விழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதோ ஒருமுறை தாமதமானாலும் கை தப்பான இடத்தில் போய் நிற்கும். சராசரி நன்றாக இருந்து என்ன பயன்? ரியல்டைம் கெர்னலில் பெரும்பாலான ஸ்பின்லாக்குகள் (திறக்கும்வரை சிபியுவைச் சும்மா சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டுகள்), காத்திருக்கும் நிரல் உறங்கக்கூடிய பூட்டுகளாகிவிடுகின்றன. இன்டரப்டுகளும், அதாவது சாதனங்கள் சிபியுவை அழைக்கும் குறுக்கீடுகளும், தனி த்ரெட்களில் (தனித்தனி வேலை இழைகளில்) ஓடுகின்றன. அவசர வேலை வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு கெர்னல் அதைக் கவனிக்கும். அப்படி மாறி மாறி ஓடுவதற்கும் ஒரு செலவு உண்டல்லவா? பாட்டுக் கேட்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் இது வேண்டாம்.

கேள்வி: ரியல்டைம் வசதி கெர்னலில் சேர ஏன் 20 ஆண்டுகள் ஆயின?

கடைசி முட்டுக்கட்டை பிரின்ட்கே, அதாவது கெர்னல் தன் செய்திகளை அச்சிடும் பகுதி. 115200 பாட் (விநாடிக்கு 115200 பிட்) சீரியல் இணைப்பில் நூறு எழுத்துள்ள ஒரு வரி போய்ச்சேர ஏறத்தாழ 9 மில்லி விநாடி ஆகும். அதுவரை சிபியு காத்துக் கிடந்தால் மேலே சொன்ன ரோபோவின் கதி என்ன? இப்போது அந்த வேலை தனி த்ரெட்டுக்குப் போகிறது. 2024 செப்டம்பரில் வியன்னா மாநாட்டில் ரியல்டைம் பணியை முன்னின்று நடத்திய தாமஸ் கிளைக்ஸ்னர், அந்த நிரலைக் கெர்னலில் சேர்க்கும் கோரிக்கையைத் தங்கநிறத் தாளில் சுற்றி, லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். அந்தக் குறும்புக்கு கிளைக்ஸ்னர் தகுதியானவரே.

கேள்வி: 6.12-இல் ரியல்டைம் எந்தெந்தச் சிப்களில் ஓடும்?

எக்ஸ்86, 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-வி. கெர்னலைக் கட்டும்போது (கம்பைல் செய்யும்போது) நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்; தானாக வராது.

கேள்வி: எந்த வேலை எப்போது சிபியுவில் ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலரை நாமே எழுதலாம் என்கிறார்களே, ஆபத்தில்லையா?

ஷெட்-எக்ஸ்ட் என்ற அந்த வசதியில், பிபிஎஃப் நிரலாக (கெர்னல் சரிபார்த்துத் தனக்குள் ஓடவிடும் சிறு நிரலாக) எழுதிய ஷெட்யூலரை மறுதொடக்கம் இல்லாமலே ஏற்றலாம். ஓடத் தயாராக உள்ள ஒரு வேலையை அது 30 விநாடிக்குமேல் பட்டினி போட்டால், கெர்னல் அதை வெளியேற்றிவிட்டு வழக்கமான ஷெட்யூலருக்குத் திரும்பும். பரிசோதனைக்கு அருமையான வசதி. அலுவலக சர்வரில் மட்டும் விளையாட வேண்டாம்.

கேள்வி: கெர்னல் செயலிழந்தால் க்யூஆர் குறியீடு காட்டுமாமே?

காட்டும். அதை வரையும் பகுதி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. கைப்பேசியால் படம் பிடித்தால் பிழைச்செய்தி கிடைத்துவிடும். ஆனால் கெர்னலில் அந்த வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும், உங்கள் திரை டிரைவரும் அதற்கு இடம்கொடுக்க வேண்டும்.