ஆறு உறைந்தால் றோட்டு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ரொறன்ரோவில் தாதியாக இருந்த என் மகள், ஒன்ராறியோவின் வடக்கே மூஸ் ஃபக்டரி என்ற இடத்து ஆஸ்பத்திரியில் வேலை எடுத்திருக்கிறாள். தீவாம், றோட்டால் போகவே முடியாதாம். குளிர்காலத்தை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. இவரோ, போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்கிறார். எப்போது போவது நல்லது?
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, குளிர் கடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் போக்குவரத்தைப் பற்றித்தான் கவலை என்றால் நடுக்குளிர்காலம் அங்கே சுகமான காலம். மூஸ் ஆறு நன்றாக உறைந்ததும் அதன் மேலேயே பனியை ஒதுக்கி றோட்டுப் போட்டுவிடுவார்கள், கார் நேரே தீவுக்குள் போகும். கோடையில் இஞ்சின் பூட்டிய நீள வள்ளங்கள் டாக்சி போல ஓடுகின்றன. சிக்கல் இரண்டுக்கும் நடுவில்தான்: நவம்பர், டிசம்பர் பக்கம் ஆறு உறையத் தொடங்கும் நாட்கள், பிறகு ஏப்ரல் கடைசி, மே பக்கம் அது உடைந்து பாளம் பாளமாக ஓடும் நாட்கள். அப்போது வள்ளமும் இல்லை, காரும் இல்லை, ஹெலிகொப்டர்தான், அதுவும் காலநிலை விட்டால். மாரியில் கொட்டியாரக் குடா கொந்தளித்து மூதூர் லோஞ்ச் நின்ற நாளில் ஜெட்டியில் காத்திருந்திருக்கிறீர்களா? அதை நாட்கணக்காக நீட்டிப் பாருங்கள். அந்த மாதங்களில் மட்டும் டிக்கெட் போடாதீர்கள்.

பெப்ரவரி அல்லது ஜூலை, ஓகஸ்ட் சரி. கோடையில் போனால் நுளம்பும் கறுப்பு ஈயும் மொய்க்கும், வயல் காவலுக்குப் போய்ப் பழகியவர்களே திணறுவார்கள். ரொறன்ரோவிலிருந்து கொக்ரேன் என்ற ஊர் வரை 700 கிலோமீற்றருக்கு மேல் றோட்டால் போகலாம். அங்கிருந்து போலர் பெயார் எக்ஸ்பிரஸ் ரயில், ஏறக்குறைய 300 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம், ஆற்றின் மறுகரையில் உள்ள மூசனியில் இறக்கிவிடும். 1932இல் வந்த பாதை அது. ஆட்களோடு காரையும் சாமானையும் அதுவே ஏற்றிப் போவதால், ஸ்காபரோ தமிழ்க் கடையில் அரிசியும் தூளும் வாங்கி மூட்டையாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள், வடக்கே சாமான் விலை அதிகம். அவசரம் என்றால் டிம்மின்ஸ் நகரிலிருந்து விமானம் இருக்கிறது.

மற்றபடி அது ஆளில்லாக் காடு இல்லை. ஹட்சன்ஸ் பே கம்பனி 1673இல் அங்கே வியாபார நிலையம் போடுவதற்கு நெடுங்காலம் முன்பே பூர்வகுடிகளான கிறீ மக்களின் மண் அது. உங்கள் மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியை நம்பித்தான் ஜேம்ஸ் குடாக் கரையின் மற்ற ஊர்களும் இருக்கின்றன. அங்கே முடியாத நோயாளிகளை விமானத்தில் டிம்மின்ஸுக்கோ கிங்ஸ்டனுக்கோ அனுப்புவார்கள். வசந்தத்தில் ஊரார் வாத்து வேட்டைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள், அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கே லீவு உண்டு. யாராவது கூப்பிட்டால் மகள் யோசிக்காமல் கூடப் போகட்டும்.

கேள்வி: பனிக்கட்டி மேல் லொறி ஓடுகிறதாம். உடையாதா?
- வாசகர், மூதூர்

பதில்: உடையும், தடிப்புப் போதாவிட்டால். தெளிந்த நல்ல பனிக்கட்டி 10 சென்ரிமீற்றர் இருந்தால் ஆள் நடக்கலாம், காருக்கு 20 முதல் 30 வேண்டும், முழுப் பாரம் ஏற்றிய பெரிய லொறிக்குக் கிட்டத்தட்ட ஒரு மீற்றர். அளந்து பார்த்துத்தான் திறப்பார்கள். வேகமும் முக்கியம். பாரமான வண்டி போகும்போது பனிக்கட்டி கொஞ்சம் வளைகிறது, அதனால் அடியிலுள்ள தண்ணீரில் ஒரு அலை எழுந்து வண்டியோடு கூடவே ஓடுகிறது. வேகம் கூடினால் அந்த அலை பெருத்து, கரை நெருங்கும் இடத்தில் திரும்பி அடித்துக் கட்டியைப் பிளந்துவிடும். அதனால்தான் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தின் சுரங்கங்களுக்குப் போகும் பனிறோட்டில் பாரலொறிகள் 25 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்கின்றன. சைக்கிள்காரன் முந்திவிடுவான்!

கேள்வி: 2009இல் பாலம் வந்ததும் எங்களுக்குப் படகுப்பாதைக்குக் காத்துக்கிடந்த காலம் முடிந்தது. பணக்கார நாடான கனடாவால் ஒரு றோட்டுப் போட முடியாதா?
- வாசகர், கின்னியா

பதில்: போடுகிறார்கள், எப்போதாவது. ஆர்க்டிக் கரையிலுள்ள டக்டோயக்டக்குக்கு 2017 நவம்பரில் திறந்த றோட்டு 138 கிலோமீற்றர்தான், செலவோ ஏறக்குறைய 30 கோடி டொலர், ஊரில் இருப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. அங்கே நிலத்தடி எப்போதும் உறைந்தே கிடக்கிறது. வெட்டினால் உருகிச் சேறாகும் என்பதால் மண்ணைத் தொடாமல் மேலே துணிவிரிப்புப் போட்டுக் கிரவலைக் கொட்டினார்கள், அதையும் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே செய்தார்கள். கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனவுட்டில் 25 ஊர்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு றோட்டு இல்லை. கடல் திறக்கும் கோடையில் கப்பல் வரும், மற்ற மாதங்களில் விமானம்தான். ஒன்ராறியோவின் தூர வடக்கிலோ 30க்கு மேற்பட்ட பூர்வகுடி ஊர்கள் வருடத்துக்கான எரிபொருளையும் கட்டடச் சாமானையும் குளிர்கால றோட்டால்தான் இறக்குகின்றன. 2024இல் குளிர் போதாமல் அந்த றோட்டுகள் சரியாக உறையவில்லை, ஊர்த் தலைவர்கள் அவசர நிலை அறிவித்தார்கள். அதன் பிறகு, நிரந்தர றோட்டு வேண்டும் என்ற உங்கள் கேள்வியை அங்குள்ளவர்களும் உரத்துக் கேட்கிறார்கள்.