சாமியைக் கண்டு பயப்படும் பிள்ளை

கேள்வி: அண்ணன் மாரடைப்பில் இறந்து ஒரு மாதம் ஆகிறது. அவர் மகளுக்கு 6 வயது. ‘அப்பாவ சாமி கூப்பிட்டுக்கிருச்சு’ என்று அப்பத்தா சொன்னதிலிருந்து சாமி ரூம் பக்கமே வர மறுக்கிறாள். அவள் அத்தையான நான் என்ன சொல்லித் தேற்ற?
– வாசகி, மேலூர்

பதில்: அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அப்பாவைக் கூப்பிட்ட சாமி நாளைக்கு அம்மாவையும் கூப்பிடலாமே! ‘அப்பா தூங்குறார்’ என்பதும் வேண்டாம்; ராத்திரி கண்ணை மூடவே பயப்படுவாள்.

முதலில் நடந்ததைச் சொல்லுங்கள்: ‘அப்பாவோட இதயம் நின்னு போச்சு தங்கம். டாக்டராலயும் காப்பாத்த முடியல. அப்பா செத்துட்டார், இனி வரமாட்டார். அவருக்கு வலிக்காது, பசிக்காது.’ பத்துத் தடவை கேட்டாலும் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ‘நீ சண்டை போட்டதால அப்பா சாகல’ என்பதை அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் தவிப்பார்கள்.

பிறகு சாமி. ‘சாமி அப்பாவ எடுத்துக்கல. நாம அழுறப்ப நம்ம கூட இருக்கு.’ அப்பத்தாவும் இதையே சொல்லட்டும். சாமி ரூமுக்கு இழுக்காதீர்கள். நீங்கள் விளக்கேற்றுங்கள், கதவு திறந்திருக்கட்டும்.

வருகிற அமாவாசைப் படையலில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அப்பாவுக்குப் பிடித்த பலகாரம் எது என்று அவளே சொல்லி, அவள் கையாலேயே இலையில் வைக்கட்டும். ‘பசிக்காதுன்னியே, அப்புறம் ஏன் சோறு?’ என்று நிச்சயம் கேட்பாள். ‘பசிக்கு இல்லடா, அப்பா மேல நமக்கு ஆசை குறையல, அதுக்குத்தான்’ என்று சொல்லலாம். காக்கை வரத் தாமதமானால் ‘அவனுக்கு என்ன மனக்குறையோ’ என்று பெரியவர்கள் பேசுவது வழக்கம். அந்தப் பேச்சு அவள் காதில் விழவே கூடாது. தன் மேல்தான் கோபம் என்று எடுத்துக்கொள்வாள்.

திதி கொடுக்கத் திருப்புவனம் போனால், வைகைக் கரையில் எள்ளும் தண்ணீரும் விடுவதை, பிண்டம் கரைப்பதை, பெரியவர்கள் அழுவதை முதல் நாளே சொல்லி வையுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று விளையாடப் போவதும், படுக்கையை நனைப்பதும் சில வாரங்களுக்கு இருக்கலாம், திட்டாதீர்கள். வகுப்பு டீச்சரிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். சாப்பாடு, தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, ‘நானும் அப்பாகிட்ட போறேன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அதற்கு முன்பே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மனாஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.