அம்மாவுக்கு இரண்டாவது பிரசர் குளிசை தேவையா? "வயதுக்கு 150 சரி" என்கிறார்களே, புதிய ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அம்மாவுக்கு 64 வயது. பல வருடமாக ஒரே ஒரு குளிசை. ஒவ்வொரு கிளினிக்கிலும் மேல் அளவு 150, 155 என்று நிற்கிறது. டொக்டர் இன்னொரு குளிசை சேர்க்க நினைக்கிறார், அம்மா வேண்டாம் என்கிறா. நீங்களும் அம்மாவின் பக்கம்தான் நிற்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. "கூடக் கூட மருந்து போட்டால் கிட்னி பழுதாகிவிடாதா?" என்ற உங்கள் கடைசி வரியைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இதே கேள்வியை 2019இல் ஒரு டொக்டரின் முகத்துக்கு நேரே நான் கேட்டேன். அப்பாவுக்காகக் கேட்டேன்.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். டொக்டர் சேர்க்கச் சொன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். "இவருக்கு என்ன தெரியும்" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அப்பா விழுந்த நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்தைத் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். விளங்காததை மருத்துவ பீடத்தில் படிக்கும் மச்சாளின் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிழை இருந்தால் திருத்துங்கள், கோபிக்க மாட்டேன். ஆனால் "இயற்கையாகவே குறைக்கலாம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்த வசனத்தை நம்பி நாலு வருடம் இருந்த வீடு எங்களுடையது.

அப்பா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர். காலையில் குளிசை போட்டதும் சாமியறைக்குப் பக்கத்தில் தொங்கும் கலண்டரில் சிவப்புப் பேனையால் சின்னதாக ஒரு சரி போடுவார். திருவிழா, செத்த வீடு, கொழும்புப் பயணம் எதுவானாலும் அந்தச் சரி தவறாது. வெளியூர் போனால் திரும்பி வந்ததும், அங்கே குளிசை போட்ட நாட்களுக்கும் சரியைப் போட்டுவைப்பார். அவருக்குப் பாரிசவாதம் வந்தபோது, பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் "குளிசையை ஒழுங்காப் போடேல்லையோ?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை, கலண்டரைக் காட்டினேன்.

2019இல் நடந்ததைச் சொல்கிறேன். அன்று கிளினிக்கில் இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர். மற்றவர்கள் அன்றைய பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். அவர் அப்பாவின் கொப்பியைப் பின்னுக்குப் பின்னாகப் புரட்டிப் பார்த்தார். "ஐயா, லொசார்டன் மட்டும் காணாது. இன்னொண்டு சேர்ப்பம்" என்றார். அப்பா போட்டுவந்த ஒரே பிரசர் குளிசை அந்த லொசார்டன்தான். அப்பா தலையாட்டினார். பின்னால் நின்ற நான்தான் குறுக்கே விழுந்தேன். "வேண்டாம் டொக்டர். கூடப் போட்டா கிட்னி பழுதாப் போயிடாதோ? அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு, இந்த வயசுக்கு நூற்றைம்பது பரவாயில்லைத்தானே?" அவர் என்னைப் பார்த்தார். வெளியே வாங்குகளில் சனம் நெருக்கி அடித்துக்கொண்டிருந்தது. "சரி, உப்பைக் குறையுங்கோ. அடுத்த முறை பாப்பம்" என்று எழுதியதை வெட்டிவிட்டார்.

அடுத்த முறை அந்தக் கதிரையில் வேறொரு டொக்டர். அதற்கடுத்த முறை இன்னொருவர். இரண்டாவது குளிசையைப் பற்றி ஒருவரும் மறுபடி பேசவில்லை. எங்களுக்கு அது வெற்றி மாதிரி இருந்தது. 2022இல் பொருளாதார நெருக்கடியில் நாடு விழுந்த நேரம் கிளினிக்கில் மருந்தே இல்லை, துண்டு எழுதித் தந்தார்கள், பாமசி பாமசியாக அலைந்தேன். இருந்த ஒரு குளிசையைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு, இரண்டாவதை யார் நினைப்பார்கள்?

2023 ஆவணியில் ஒரு காலை. அப்பா தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார். கோப்பை மெல்ல மெல்லச் சரிந்து, பேப்பர் மேலே தேத்தண்ணி பரவியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கையை நிமிர்த்தவில்லை. "என்னப்பா?" என்று கேட்டதற்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது. மூளைக்குப் போகும் குழாயில் இரத்தக் கட்டி அடைத்த பாரிசவாதம். வலது கை, வலது கால், பேச்சு.

அன்று இரவு வார்ட்டுக்கு வெளியே இருந்து கிளினிக் கொப்பியை முதல் தடவையாக முழுதாக வாசித்தேன். 2019க்குப் பிறகு இருபத்துமூன்று தரம் போயிருக்கிறார். ஆகக் குறைந்த அளவு 148. ஆகக் கூடியது 168. இருபத்துமூன்று பக்கத்திலும் ஒரே வரி: லொசார்டன் 50. கையெழுத்து மட்டும் மாறி மாறி வந்தது. மருந்தை எடுத்தாரா என்று எல்லோரும் கேட்டோம், அளவு இறங்கியதா என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. டொக்டர்மாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு காலையில் அத்தனை பேரைப் பார்க்கிற ஒருவருக்கு ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? சேர்க்க வந்த ஒருவரைத் தடுத்ததும் நான்தான்.

இனி நீங்கள் கேட்ட ஆராய்ச்சிக்கு வருகிறேன்.

"வயதுக்கு 150 சரி" என்பதை நேருக்கு நேர் சோதித்த ஆய்வு ஒன்று 2021இல் வந்தது. சீனாவில், 60 முதல் 80 வயது வரையான 8511 பேர். ஒரு பிரிவினருக்கு மேல் அளவை 130க்கும் 150க்கும் இடையில் வைத்தார்கள், மற்றவர்களுக்கு 110க்கும் 130க்கும் இடையில். மூன்று வருடத்துக்குச் சற்று மேல் பார்த்ததில் பாரிசவாதம், மாரடைப்பு போன்றவை வந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 4.6 பேர், இரண்டாவதில் 3.5 பேர். கிட்டத்தட்டக் கால்வாசி குறைவு. அளவு அளவுக்குமீறி இறங்குவது இரண்டாவது பிரிவில் கொஞ்சம் கூட, அதை மறைக்கக் கூடாது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பில் இரண்டு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்த வரியை நான் நாலைந்து தரம் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

கிட்னியைப் பற்றி இன்னொன்று. கிட்னியின் நுண்ணிய குழாய்களைப் பழுதாக்குவது உயர் அழுத்தமேதான். 2001இல் வந்த ஓர் ஆய்வில், சீனி வருத்தத்தால் ஏற்கெனவே சிறுநீரகம் பாதித்த 1513 பேருக்கு, அப்பா போட்ட அதே லொசார்டன் அந்தப் பழுதை மெதுவாக்கியது. இந்த வகை மருந்து போடுகிறவர்களுக்கு இரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் பார்க்கத்தான் வேண்டும். அம்மாவுக்குக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கொப்பியில் தேடுங்கள்.

அடுத்தது, ஒரு குளிசையின் அளவைக் கூட்டுவதா, வேறொன்றைச் சேர்ப்பதா? இதைப் பற்றி 2009இல் 42 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே மருந்தை இரட்டிப்பாக்கினால் அழுத்தம் எவ்வளவு கூடுதலாக இறங்குமோ, வேறு வகை மருந்தொன்றைச் சேர்த்தால் அதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு இறங்குகிறது. காரணம் விளங்கக்கூடியதுதான். அம்லோடிபின் இரத்தக் குழாயின் சுவரைத் தளர்த்துகிறது. லொசார்டன், டெல்மிசார்டன் போன்றவை குழாயைச் சுருங்கச் செய்யும் ஹோர்மோனைத் தடுக்கின்றன. குளோர்தாலிடோன் போன்ற மூன்றாவது வகை உப்பையும் நீரையும் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. ஒரு வாசலை மட்டும் அடைத்தால் உடம்பு மற்ற வாசலால் அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும்.

இப்போது எனக்குத் தொண்டை அடைக்கும் பகுதி. இதற்கு மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நடந்தது எங்கள் நாட்டிலேயே. 2016, 2017இல் இலங்கையில் 11 ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரை எடுத்தார்கள். ஒன்றில் மருந்தே தொடங்காதவர்கள், இல்லையென்றால் அப்பாவைப் போல ஒரு குளிசையோடு நின்றவர்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். மற்றதற்கு டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம், மூன்றும் அரை அளவில் ஒரே குளிசையாக. ஆறு மாதத்தில் அளவு சரியான இடத்துக்கு வந்தவர்கள் வழக்கமான வைத்தியத்தில் நூற்றுக்கு 55, மூன்றும் சேர்ந்த குளிசையில் 70. பக்கவிளைவால் மருந்தை விட்டவர்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. 2018இல் இது வெளியானது. நான் டொக்டரை மறித்தது 2019இல். அதே வழியில் வந்த, மூன்று மருந்து சேர்ந்த குளிசையொன்றுக்கு 2025 யூனில் அமெரிக்காவே அனுமதி கொடுத்திருக்கிறது.

அப்பா இப்போது மூன்று வகை போடுகிறார், அதைவிட இரத்தம் கட்டிபடாமல் இருக்கவும் கொழுப்புக்கும் வேறு. அளவு 126, 130 என்று நிற்கிறது. இறங்கக்கூடியதாகத்தான் இருந்திருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் வலது கை போன பிறகு ஓர் அலுவலகத்தில் அவருடைய கையெழுத்து தேவைப்பட்டது. பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, ஆளை நேரே கொண்டுவாருங்கள் என்றார்கள். அலுவலகம் மேல்மாடியில். லிப்ட் இல்லை. கீழே இறங்கி வந்து பார்க்க ஒருவருக்கும் மனமில்லை. நானும் ஓட்டோக்காரத் தம்பியும் கதிரையோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் மணியோடருக்குக் கையெழுத்துச் சரிபார்த்துக் காசு கொடுத்த மனிதர், எத்தனையோ கிழவிகளுக்குக் கவுண்டரை விட்டு வெளியே வந்து பெருவிரல் அடையாளம் எடுத்தவர். அங்கே மை பூசிய விரலோடு இருந்தபோது என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. பாரிசவாதம் வந்த வீடுகளில் இப்படி எத்தனை மாடிப்படி என்று யாராவது எழுத வேண்டும்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். சேர்ப்பதற்கு முன் அளவு உண்மையா என்று பார்ப்பது நியாயம். வீட்டில் மெஷின் இருந்தால், ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்திருக்க விட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து எடுங்கள். 2024இல் வந்த ஓர் ஆய்வின்படி, கையை மடியில் வைத்தால் மேல் அளவு ஏறத்தாழ 4 கூடக் காட்டும், தொங்கவிட்டால் 6.5. ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் எழுதி டொக்டரிடம் கொடுங்கள். அப்படி எடுத்தும் 150 என்றால் அது 150தான்.

குளிசையை இரவில் போட்டால்தான் வேலை செய்யும் என்று யாராவது வீடியோ அனுப்பியிருப்பார்கள். பிரித்தானியாவில் 21,104 பேரை வைத்துப் பார்த்து, காலையா இரவா என்பதில் வித்தியாசம் இல்லை என்று 2022இல் சொல்லிவிட்டார்கள். மறக்காத நேரத்தில் போடட்டும். அம்லோடிபின் சிலருக்குக் கால்களை வீங்கச் செய்யும். அப்படி வந்தால் அம்மா தானாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லவேண்டும், அளவைக் குறைக்கலாம், மாற்றலாம். உப்பைக் குறைப்பதும் நல்லதுதான், கருவாடும் மோர்மிளகாயும் இல்லாமல் எங்கள் சனத்துக்குச் சோறு இறங்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மருந்து வேண்டாம் என்பதற்கு உப்பைச் சாட்டாக எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கீழே சொல்லுங்கள். சீனியும் பிரசரும் சேர்ந்தவர்கள் 12,821 பேரை வைத்து நடந்த சீன ஆய்வு ஒன்று 2024 இறுதியில் வந்தது, மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவந்ததைப் பற்றி. அதையும் வாசித்து வைத்திருக்கிறேன், விளக்கமாக எழுதுகிறேன்.