ஞாயிற்றுக்கிழமை அடுப்பு

அன்புள்ள ஐயா,
பத்து வருடமாக ஞாயிறு கடை திறப்பதில்லை. வருமானத்தில் பத்திலொரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகமும் தவறியதில்லை. ஏழு நாளும் திறக்கிற எதிர்க்கடைக்காரர் இரண்டாவது கடையும் போட்டுவிட்டார். பைபிளில் உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் சொன்ன ஆசீர்வாதம் எனக்கு ஏன் வரவில்லை? ஞாயிறு கடைப்பையன் மட்டும் வந்து சரக்கு அடுக்கிவிட்டுப் போவான், மற்றபடி பூட்டுதான். தேவனுடைய கட்டளைகளைக் கைக்கொள்வதால் என்ன பிரயோஜனம்?
எஸ்.

தம்பி எஸ்.,

உபாகமம் 28இல் ஆசீர்வாதம் 14 வசனம், சாபம் 54 வசனம். பதினாலோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள் போல. தசமபாகக் கணக்கை உங்கள் சபைப் போதகரிடம் கேளுங்கள், எனக்கு அதில் ஆர்வமில்லை.

என் தாத்தா செம்மணல் தேரிக்காட்டில் பனையேறி. பனைக்கு ஞாயிறு திங்கள் கிடையாது. பாளையைத் தினமும் சீவ வேண்டும், விட்டால் பதனீர் ஊறுவது நின்றுபோகும். இறக்கிய பதனீரை அன்றே காய்ச்ச வேண்டும். கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவினாலும் மறுநாள்வரை புளிக்காமல் தாங்காது. ஓய்வுநாள் என்பது பனையேறிக்கு ஆகாத காரியம். தாத்தா ஒரு வழி செய்தார். ஞாயிறும் விடியுமுன் ஏறுவார், சீவுவார், இறக்குவார். ஆனால் பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அன்று அடுப்பு பற்றாது. பதனீரைக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். ஏறியதே பாவம் என்று சபையில் சிலர் முணுமுணுத்ததும் உண்டு. போகட்டும்.

அதன் பலன் ஆச்சிக்கு. ஆறு நாளும் புகையில் கண் சிவக்கக் கருப்பட்டி காய்ச்சுகிறவள், அன்று மட்டும் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஓய்வுநாளைப் பற்றிய நான்காம் கட்டளையில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, அந்நியன் என்று எல்லோரும் வருகிறார்கள், பெண்டாட்டியைக் காணோம். ஆச்சி அதைச் சொல்லிச் சிரிப்பாள்: “ஆண்டவரு விட்டுட்டாரு, ஒங்க தாத்தா விடல்ல.”

பதனீர் காலத்தில் வாரத்துக்கு ஒருநாள் கருப்பட்டி நஷ்டம். தாத்தா கடனோடுதான் செத்தார்.

இதை இப்போது எழுத வைத்தது உங்கள் கேள்வி அல்ல, அந்தக் கடைப்பையன். நீங்கள் வேட்டி சட்டையில் ஆராதனைக்குப் போகிற நேரத்தில் அவன் மூட்டை தூக்குகிறான்! இதற்குப் பேர் ஓய்வுநாளா? உபாகமம் 28வரை போனவர் 5ஆம் அதிகாரத்தைத் தாண்டித்தானே போனீர்கள்? நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் இளைப்பாற வேண்டும் என்று அங்கே இருக்கிறது. காரணமும் இருக்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன்தானே. கடை ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதுவரை நிற்கவைத்த கடைகளில் வசனக் காலண்டர் தொங்கவில்லையா என்ன?

கோபமாக எழுதிவிட்டேன். பத்து வருட ஞாயிற்று வியாபாரத்தை விட்டது சின்ன விஷயமில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் பையன் ஞாயிறு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. சரக்கைச் சனிக்கிழமை ராத்திரி நீங்களும் கூடநின்று அடுக்குங்கள். இடுப்பு வலிக்கும். எதிர்க்கடை மூன்றாவது கிளையும் திறக்கலாம், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.