செயற்கைப் புல் மைதானம்: வெயில், மழை, தேய்மானம் – கேள்வி பதில்

கேள்வி: கோல் வாசலில் மட்டும் பந்து தாறுமாறாக எகிறுகிறது. புல்லையே மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அங்கே இழைகளை விரலால் விலக்கிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் குருணை இல்லாமல் வெறும் மணல் தெரிந்தால் குறை புல்லில் இல்லை. அடியில் கிடக்கும் மணல் விரிப்பை அழுத்திப் பிடிக்கிறது, மேலுள்ள ரப்பர் அதிர்வைத் தாங்குகிறது. கோல் வாசல், பெனால்டி புள்ளி, கார்னர் மூன்றிலும் ஆட்டக்காரர்களின் கால்பட்டே ரப்பர் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பிறகு இழை சாய்ந்து, நுனி பிளந்து நார்நாராகும். ஓரத்தில் சேர்ந்ததை அள்ளிப் போட்டு, இழை சாய்ந்த திசைக்கு எதிராக பிரஷ் ஓட்டுங்கள்.

கேள்வி: நிறம் வெளுத்துவிட்டது. ஆயுள் முடிந்ததா?

பதில்: நிறத்தை விடுங்கள். ஓர் இழையை மடக்குங்கள். ஒடிந்தால்தான் கவலை, புற ஊதாக் கதிர் உள்ளே வேலையைக் காட்டிவிட்டது.

கேள்வி: மழையே கழுவிவிடுமே?

பதில்: தூசியை அடியில் இறக்கி வடிகாலை அடைக்கும். பிரஷ் ஓட்டுங்கள்.

கேள்வி: மதிய ஆட்டத்துக்குத் தண்ணீர் தெளித்தால் போதுமா?

பதில்: உச்சி வெயிலில் தளம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தெளித்ததும் சட்டென இறங்கும், ஈரம் காய்ந்ததும் பழையபடி ஏறிவிடும்.

அவரே மீண்டும்: ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹாக்கியில் தண்ணீர் ஊற்றித்தானே ஆடுகிறார்கள்?

பதில்: அது சூட்டுக்காக இல்லை ஐயா. அந்தத் தளத்தில் குருணையே கிடையாது, குட்டையான, நெருக்கமான இழை. பந்து வழுக்கி ஓடவும், விழுந்தால் தோல் உரியாமலிருக்கவும்தான் ஈரம்.

அவரே: அப்படியானால் ரப்பருக்குப் பதில் கார்க் (மரப்பட்டைத் தக்கை) குருணை?

பதில்: இது நல்ல கேள்வி. சூடு குறையும். ஆனால் கார்க் மிதக்கும். பெருமழையில் தண்ணீர் தேங்கினால் மொத்தமும் ஓரம் போய்ச் சேரும். வடிகால் சரியாக இருந்தால் போடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2031 அக்டோபரோடு ரப்பர் குருணை விற்பனை நிற்கிறது. காரணம் நுண்பிளாஸ்டிக், சூடு இல்லை. அதற்குள் அங்கே மாற்று தேடியாக வேண்டும்.

கேள்வி: உறைபனியில் ஆடலாமா?

பதில்: ஈரக் குருணை உறைந்தால் தரை கல்தான். இளகும்வரை பொறுங்கள். பனியை இரும்புத் தகட்டால் சுரண்டினால் விரிப்புத் துண்டுகளை ஒட்டிய இணைப்பு பெயர்ந்துவிடும்.

கேள்வி: ஆறு வருடம் ஆகிவிட்டது, மாற்றலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். வருடத்தை எண்ணாதீர்கள், ஆடிய மணிநேரத்தை எண்ணுங்கள். பிரஷ் எப்போது ஓட்டினீர்கள்?

கேள்வி: மொட்டைமாடியில் விரிக்கும் புல்?

பதில்: என் துறை இல்லை. விற்றவரைக் கேளுங்கள்.