சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசலாமா?

சேலம், ஏற்காடு பக்கம் பழைய கட்டடங்களைப் பழுது பார்த்தே பாதி ஆயுள் போனது. அந்தப் பழக்கத்தில், சேலம் பக்கத்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: சார், தாத்தா கட்டிய வீடு. அடிச்சுவர் இரண்டடி உயரத்துக்கு உதிர்கிறது. சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார்.

வேண்டாங்க. தரை ஈரம் செங்கல் வழியே ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் காய்ந்துவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் எங்கே போகும்? இன்னும் மேலே ஏறும். அப்படிப் பூசிய ஒரு வீட்டில் சுவரைத் தட்டினேன். பூச்சு ஒரே பாளமாகக் கழன்று கையோடு வந்தது. பின்னால் இருந்த செங்கலை நகத்தால் சுரண்டினாலே மாவாகக் கொட்டியது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குளியலறைக் குழாயா, வாசற்படிக்கு மேலே உயர்ந்துவிட்ட ரோடா? அதைச் சரிசெய்தபின் உளுத்த செங்கலை மாற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்பு மணல் கலவையைப் பூசுங்கள். அவசரப்பட்டுக் காயவிடாதீர்கள், ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மறுபடியும் பழைய கதைதான்.

அம்மாபேட்டையிலிருந்து: தம்பி லண்டனில் இருக்கிறான். அங்கே தெருவையே பாதுகாக்கிறார்களாமே, இங்கே முடியாதா?

அங்கே 1967லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. நம்மிடம் தனித்தனி நினைவுச் சின்னத்துக்குத்தான் காவல் பலம். மத்திய தொல்லியல் துறைச் சின்னம் என்றால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். பழங்கட்டடங்களைக் காப்பதற்கான மாநில மரபு ஆணையச் சட்டம் 2012இல் இயற்றி, நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று! உங்கள் தெருவுக்கு உதவக்கூடியது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைக் காப்பதை ஊருக்கான வளர்ச்சித் திட்டத்திலேயே சேர்க்க அதில் இடமுண்டு. வரைவு வெளியாகி ஆட்சேபம் கேட்கும்போது தெருவாசிகள் சேர்ந்து, போட்டோவோடு எழுதிக் கொடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து: எஸ்டேட் பங்களாவின் ஓட்டுக்கூரையை எடுத்து கான்கிரீட் போட்டால் ஹாக்கா (மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) தடுக்குமா?

ஹாக்கா பார்ப்பது மலைச்சரிவு, மரம், நிலப் பயன்பாடு. கூரையின் அழகு அதன் வேலையில்லை. ஆனால் அந்தப் பழைய கல்சுவர் கான்கிரீட் பாரத்துக்காகக் கட்டியதல்ல. கலெக்டர் காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்த மலை இது, மழைக்கு ஏற்ற கூரை சாய்வுக் கூரைதான். கூரை தாங்கும் கைமரத்திலும், அதன்மேல் ஓடு பதியும் ரீப்பர் சட்டத்திலும் உளுத்ததை மட்டும் மாற்றுங்கள். நல்ல ஓடுகளை மறுபடி ஏற்றலாம்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து: கோயில் தூணை மணல் வீசிச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது. அழுக்கோடு சிற்பியின் உளித்தடமும் போய்விடும்.

மறுபடி செவ்வாய்ப்பேட்டை: திண்ணையை இடித்துக் கடை போட்டுத் தரச் சொல்கிறார் வாடகைக்காரர்.

திண்ணையை இடிக்காதீர்கள். மரத்தூணுக்கு உள்பக்கம், திண்ணை முடிகிற இடத்தில் ஷட்டர் வையுங்கள். போர்டு இறவாணத்துக்கு (கூரையின் நீண்ட விளிம்புக்கு) கீழே இருக்கட்டும், முகப்பை ஷீட் போட்டு மூடாதீர்கள். அவர் ஒத்துக்கொள்வாரா? வாடகையில் நீங்கள் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.