போர்டு பழுதா, கரன்ட் பழுதா? மைக்ரோகன்ட்ரோலர் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: தக்காளித் தோட்டத்தில் சொட்டுநீர் மோட்டாரைத் தானாக இயக்குவதற்காக ஈ.எஸ்.பி.32 போர்டு (வைஃபை உள்ள சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), ரிலே (போர்டு இயக்கும் மின் சுவிட்ச்), மண் ஈரம் காட்டும் சென்சார் ஆகியவற்றை ஆன்லைனில் வாங்கி என் மகன் பொருத்தினான். வீட்டு மேசைமேல் நன்றாக வேலை செய்கிறது. மோட்டார் கொட்டகையில் வைத்தால் போர்டு அடிக்கடி அணைந்து, தானே மறுபடி தொடங்குகிறது. விற்றவர் மாற்றித் தந்த இரண்டாவது போர்டும் இப்படியே செய்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? - வாசகர், பாலக்கோடு

பதில்: இப்போதைக்குக் கேட்க வேண்டாம். மாற்றி வந்த போர்டும் அதே இடத்தில் அதே விதமாகத் தடுமாறுகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது போர்டை அல்ல. அதற்குக் கரன்ட் தரும் அடாப்டரையும், பக்கத்தில் இருக்கும் ஸ்டார்ட்டரையும்தான். இவ்விரண்டில் எது குற்றவாளி என்பதை வீட்டிலேயே பிரித்தறியலாம்.

முதலில் அடாப்டரைப் பார்ப்போம். ஈ.எஸ்.பி.32 வைஃபை வழியாகச் செய்தி அனுப்பும் கணங்களில் அது இழுக்கும் கரன்ட் சில நூறு மில்லி ஆம்பியர் வரை எகிறும். அதனால்தான் அந்தச் சிப்பைத் தயாரிக்கும் எஸ்பிரெஸிஃப் நிறுவனம், குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரும் சப்ளை வேண்டும் என்கிறது. பழைய போன் சார்ஜரும் மெல்லிய நீளக் கேபிளும் சேர்ந்தால், புறப்படும்போது 5 வோல்ட்டாக இருப்பது போர்டுக்கு வந்து சேரும்போது 4.3 வோல்ட்டாகக்கூடக் குறைந்துவிடும். மலிவான போர்டுகள் பலவற்றில் இருக்கும் ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டர் 3.3 வோல்ட்டை நிலையாகத் தர வேண்டுமானால், அதற்குள் நுழையும் வோல்டேஜ் அதைவிட ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாக வேண்டும்; அது இல்லாதபோது சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்கிறது. லேப்டாப்பில் சீரியல் மானிட்டரை (போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் திரையை) திறந்து வைத்திருந்தால், அந்தக் கணத்தில் 'பிரவுன்அவுட்' என்ற சொல்லோடு ஒரு வரி ஓடும். அந்த வரி தெரிந்தால், வோல்டேஜ் இறங்கியது என்று போர்டே சொல்லிவிட்டதாகப் பொருள்.

கொட்டகையிலேயே அடாப்டரைக் கழற்றிவிட்டு, நல்ல பவர் பேங்க் ஒன்றில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். (சில பவர் பேங்குகள் சிறிய சுமையை மதிக்காமல் தாமே அணைந்துவிடும், அதைப் போர்டின் தலையில் கட்ட வேண்டாம்.) ரீசெட் நின்றுவிட்டால், பி.ஐ.எஸ். முத்திரையும் பதிவு எண்ணும் அச்சிடப்பட்ட 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரையும் குட்டையான தடித்த கேபிளையும் வாங்கினால் போதும். போர்டின் 5 வோல்ட் பின்னுக்கும் (இணைப்புக் காலுக்கும்) கிரவுண்டுக்கும் இடையே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்ப்பதும் நல்லது.

பவர் பேங்கிலும் ரீசெட் ஆகிறது, அதுவும் மோட்டாரை நிறுத்தும் நொடியில்தான் ஆகிறது என்றால், அது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரன்டைச் சேர்த்துத் துண்டிக்கும் காந்த சுவிட்ச்) காயிலின் வேலை. காயிலில் ஓடும் கரன்ட் சட்டென்று அறுபடும்போது எழும் உயர் வோல்டேஜ், ரிலேயின் முனைகளில் தீப்பொறியாகத் தெறித்து, அருகிலுள்ள ஒயர்களின் வழியே போர்டைக் குழப்புகிறது. காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, ரிலேயை வெறுமனே 'டிக் டிக்' என்று இயக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அப்போது ரீசெட் ஆகவில்லை என்றால், காயிலின் இரு முனைகளிலும் அதன் வோல்டேஜுக்கு ஏற்ற ஆர்.சி. ஸ்னப்பர் (அந்த உயர் வோல்டேஜை அடக்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி) ஒன்றைப் போட வேண்டும். சென்சார் ஒயர்களையும் மோட்டார் ஒயர்களையும் ஒரே பைப்பில் இழுக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நீல நிற ரிலேயின் மேல் '10 ஆம்பியர், 250 வோல்ட் ஏ.சி.' என்று அச்சிட்டிருக்கும். மூன்று பேஸ் ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் உள்ள நோ-வோல்ட் காயிலோ (கரன்ட் போனால் மோட்டாரை விடுவிக்கும் காயில்) 415 வோல்ட்டில் இயங்குவது. அதை இந்தச் சிறு ரிலே வழியாக நேரடியாக இயக்குவது ஆபத்து. முனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. ரிலே 240 வோல்ட் காயில் கொண்ட ஒரு சிறு கான்டாக்டரை இயக்க வேண்டும், ஸ்டார்ட்டரை அந்தக் கான்டாக்டர் இயக்க வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், மகனிடம் வேண்டாம்.

விற்றவரிடம் நீங்கள் நியாயமாகச் சண்டை பிடிக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ஈர சென்சார் கெப்பாசிட்டிவ் வகையாக (மின்தேக்கத் திறனின் மாற்றத்தைக் கொண்டு ஈரத்தை அளப்பதாக) இருந்தால், அதிலுள்ள எட்டுக்கால் சிப்பின் எழுத்தை லென்ஸ் வைத்துப் படியுங்கள். டி.எல்.சி.555 இருக்க வேண்டிய இடத்தில், குறைந்தது 4.5 வோல்ட் கேட்கும் என்.இ.555 சிப்பைப் போட்டு விற்பது சந்தையில் நடக்கிறது. 3.3 வோல்ட்டில் இயங்கும் என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு இதை அனுப்பியிருந்தால், அது விவரிப்புக்கு ஒவ்வாத பொருள். அதைத் திரும்பப் பெற மறுக்க, 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனையாளரை அனுமதிப்பதில்லை.

கேள்வி: புதிதாக வாங்கிய போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்களைச் சால்டர் செய்துவிட்டேன் என்று காரணம் காட்டிக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கிறார். - பொறியியல் மாணவி, பர்கூர்

பதில்: விளக்கு எரிந்தும் லேப்டாப்பில் போர்ட் (போர்டுடன் பேசும் இணைப்பு வாயில்) தெரியவில்லை என்றால், முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் செய்ய மட்டுமே பயன்படும் கேபிள்களில் டேட்டா ஒயர்களே இருக்காது. போனிலிருந்து படங்களை லேப்டாப்புக்கு மாற்ற எந்தக் கேபிள் உதவியதோ அதைப் பயன்படுத்துங்கள். பிறகும் தெரியவில்லை என்றால், போர்டின் யூ.எஸ்.பி. சிப் சி.எச்.340 வகையா, சி.பி.2102 வகையா என்று பார்த்து, அதற்குரிய டிரைவரை நிறுவுங்கள். லேப்டாப்பில் உபுண்டு 22.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு: பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற மென்பொருள், சி.எச்.340 சிப்பைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு அது தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம்.

போர்ட் தெரிந்தும் அப்லோடு மட்டும் 'கனெக்டிங்' என்று நின்றால், போர்டிலுள்ள பூட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு முயலுங்கள். 12ஆம் எண் பின்னில் ஏதேனும் இணைத்திருந்தால் கழற்றிவிடுங்கள்; தொடங்கும் நேரத்தில் அந்தப் பின் உயர்ந்த நிலையில் (அதில் வோல்டேஜோடு) இருந்தால், பெரும்பாலான ஈ.எஸ்.பி.32 போர்டுகள் எழுந்திருக்கவே மாட்டா.

சால்டர் விஷயத்தில் கடைக்காரர் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. சூடு பட்ட போர்டில், பழுது முன்பே இருந்ததா, இரும்பு பட்டு வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. பின்களைத் தனியாகத் தரும் போர்டை வாங்கினால், சால்டர் இரும்பைத் தொடும் முன் யூ.எஸ்.பி.யில் செருகி, எல்.இ.டி. மினுக்கும் சிறு புரோகிராமை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். பெங்களூருவின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டுக்குப் போய் மொத்தமாக வாங்கி வரும் மாணவர்கள் லேப்டாப்பையும் எடுத்துச் சென்று, கடையிலேயே இதைச் செய்வது உத்தமம்.

கேள்வி: மோட்டாரை மிஸ்டு கால் மூலம் இயக்க சிம்800எல் மாட்யூல் வாங்கினேன். ஜியோ சிம் போட்டால் சிக்னல் எடுப்பதே இல்லை. மாட்யூல் போலியா? - வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இல்லை. அந்த மாட்யூல் 2ஜி மட்டுமே அறியும். ஜியோவிடம் 2ஜி சேவையே கிடையாது. உங்கள் தோட்டத்தில் 2ஜி சிக்னல் உள்ள வேறு நிறுவனத்தின் சிம்மைப் போடுங்கள், அல்லது 4ஜி மாட்யூலுக்கு மாறுங்கள். சிக்னலைத் தேடும்போது இது 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஏற்க வேண்டிய வோல்டேஜும் 3.4 முதல் 4.4 வரைதான். ஆர்டுயினோ போன்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்க வேண்டாம்.

கேள்வி: ரோஜா பாலிஹவுஸில் 'ஒரிஜினல்' என்று சொல்லி விற்ற டி.எஸ்.18பி20 வெப்ப சென்சார்களை வைத்தோம். சில சமயம் 85 டிகிரி, சில சமயம் மைனஸ் 127 என்று காட்டுகின்றன. ஏமாற்றப்பட்டோமா? - வாசகர், ஓசூர்

பதில்: இவ்விரு எண்களும் வெப்பநிலையே அல்ல. 85 என்பது கரன்ட் வந்தவுடன் சென்சாருக்குள் இருக்கும் தொடக்க மதிப்பு. அளந்து முடிப்பதற்குள் படித்துவிட்டாலோ நடுவில் சப்ளை விட்டுப் போனாலோ இதுதான் கிடைக்கும். 12 பிட் துல்லியத்தில் அளக்க 750 மில்லி விநாடி வரை ஆகும் என்பதால், ஃபர்ம்வேர் (போர்டில் ஏற்றிய புரோகிராம்) அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். மைனஸ் 127 என்பது, சென்சார் பதில் தரவில்லை என்பதை லைப்ரரி (சென்சாரைப் படிக்கப் புரோகிராமில் சேர்க்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) சொல்லும் விதம். ஒயர் விட்டிருக்கிறதா, டேட்டா ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பாலிஹவுஸின் ஈரத்தில் ஜாயின்ட்டுகள் துருப்பிடிப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

போலியா என்பது வேறு கேள்வி, அது நியாயமான சந்தேகமும்கூட. இந்தச் சென்சாரில் போலிகள் ஏராளம். பொடித்த ஐஸும் சிறிது தண்ணீரும் கலந்த டம்ளரில் எல்லாச் சென்சார்களையும் முக்கிக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரிஜினல் என்றால் 0 டிகிரிக்கு மேலோ கீழோ அரை டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஒன்று 0, ஒன்று 2, ஒன்று மைனஸ் 1.5 என்று சிதறினால், அதை ஒரே வீடியோவாக எடுத்து, 'ஒரிஜினல்' என்று எழுதிய விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள். ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கேள்வி: மோட்டார் கன்ட்ரோலர் செய்து தந்தவருக்கு 14,000 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் இன்டர்நெட் மாற்றியதும் கருவி செத்துவிட்டது. புதிய பாஸ்வேர்டைப் போட 4,000 கேட்கிறார். புரோகிராமையும் தர மறுக்கிறார். - வாசகர், அரூர்

பதில்: உடனடித் தீர்வு செலவில்லாதது. பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும், பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறாமல், புதிய ரூட்டரில் வைத்துவிடுங்கள். ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இயக்கத்தில் இருக்க வேண்டும். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அறியா.

புரோகிராமைப் பொறுத்தவரை உங்கள் பிடி தளர்வானது. எழுத்தில் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வெளியாள் எழுதித் தந்த புரோகிராமின் பதிப்புரிமை அவருடையதே. ஆனால் பாஸ்வேர்டை மாற்றும் வசதியே இல்லாத கருவியை, அதைச் சொல்லாமல் விற்றது குறைபாடுதான் என்று வாதிட இடமுண்டு. ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் இருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. விவசாயத்துக்கு வாங்கியது 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்குப் பயன்படுத்துவதைச் சட்டம் அதில் சேர்ப்பதில்லை. பழுதைச் சோதிக்காமல் முடிவெடுக்க இயலாது என்று கருதினால், ஆணையம் கருவியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும் செய்யும். அதனால் அதுவரை வேறு யாரிடமும் கொடுத்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.